சிறிய பக்கம் நடக்க வேண்டும்

அந்த வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். உப்பு எங்கே என்று கேட்பதும் கத்தல், கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது என்று பதில் சொல்வதும் கத்தல். கல்யாணமாகி வந்த புதிதில், யாருக்கோ தன்மேல் தீராத கோபம் என்று நினைத்துக் குளியலறையில் உட்கார்ந்து அழுதவள் புதுசு. வந்த மருமகளை அந்த வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சின்னவன் வந்து கதவைத் தட்டி, "அம்மா ஒண்ணும் திட்டல! டீ வேணுமான்னுதான் கேட்டாங்க!" என்று கத்தினான். அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் அழுதாள்.

பிறகு பழகிவிட்டது. கத்தலுக்கான காரணம் கீழ்த்தளத்தில் இருந்தது. மாடியில் குடித்தனம், கீழே சலவைக்கூடம். ஓட்டல்களிலும் ஆஸ்பத்திரியிலும் ஊரார் படுத்துப் புரண்ட விரிப்புகளெல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து சேரும். மாமியார் கறை பார்ப்பாள். எது ரத்தம், எது மருந்து, எது தூக்கக் கலக்கத்தில் கவிழ்த்த காபி என்று முகர்ந்தே சொல்லிவிடுவாள். மாமனாருக்குப் பாய்லர். அதன் அழுத்தத்தைக் காட்டும் ஊசியைப் பார்ப்பதுபோல அவர் பெற்ற பிள்ளைகளைக்கூடப் பார்த்ததில்லை என்று மாமியார் சொல்லுவாள். சின்னவன், அதாவது புதுசின் கணவன், துவைத்த துணியைப் பிழியும் மிஷினில் சுழற்றி எடுத்துத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டுவான். அதற்கப்புறம் உருளை.

உருளைதான் அங்கே ராஜா. ஆள் நீளத்துக்கும் மேலே நீளம், வயிறு நிறைய நீராவி. ஈரத் துணியை இந்தப் பக்கம் கொடுத்தால் காகிதம்போலத் தேய்த்து அந்தப் பக்கம் தள்ளும். கொடுக்கிறவள் அண்ணி, வாங்குகிறவன் பெரியவன். அண்ணி என்றால் புதுசுக்கு நாத்தனார், இரண்டு தம்பிகளுக்கும் மூத்தவள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு உருளை முன்னால் வந்து நின்றவள், நரை விழுந்தும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், "எனக்கு வாய்ச்சவன் இவன்தான், சூடு ஜாஸ்தி, ஆனா எதிர்த்துப் பேச மாட்டான்" என்று உருளையைத் தட்டிக் காட்டியிருக்கிறாள். அந்த வீட்டில் மெதுவாகப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். அவளுக்குக் காது போய்க்கொண்டிருந்தது வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுவிடுவாள்.

வீட்டு விஷயங்களை முடிவு செய்ய அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் மிஷின்களை நிறுத்திய பிறகு ஒரு பெரிய விரிப்பை மட்டும் மடிக்காமல் வைத்திருப்பார்கள். மாமனார் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொல்லுவார். ஒத்துக்கொள்கிறவர்கள் அவர் பக்கம் வந்து விளிம்பைப் பிடிக்க வேண்டும், ஒத்துக்கொள்ளாதவர்கள் எதிர் முனையை. விரிப்பு மடிய வேண்டுமென்றால் யாராவது ஒரு பக்கம் நடந்துதானே ஆக வேண்டும்? ஆள் குறைந்த பக்கம் நடக்கும். நடந்து வந்து கையோடு கை சேர்த்து மடித்துவிட்டால் அந்த விஷயம் தீர்ந்தது, அதற்குப் பிறகு முணுமுணுக்கக் கூடாது. மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்தது அப்படித்தான். புதுசைப் பெண் பார்த்து முடிவு செய்ததும் அப்படித்தான்.

"உன்ன வேண்டாம்னு அண்ணன் எதிர்ப்பக்கம் நின்னாரு" என்று சின்னவன் ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

"அய்யோ, அப்புறம்?"

"அப்புறம் என்ன, நடந்து வந்துட்டாரு."

ஒரு மழை வாரத்தில்தான் அது நடந்தது. ஜன்னல்களெல்லாம் சாத்தி, கூடம் முழுக்க ஆவி. பெரியவனின் சட்டைக் கை உருளைக்குள் மாட்டிக்கொண்டது. அவன் கத்தினான். அண்ணி குனிந்து அடுத்த விரிப்பின் முனையைத் தேடிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. சின்னவன் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து சுவிட்சை அமுக்கினான். சட்டை முழங்கை வரைக்கும் உள்ளே போயிருந்தது. கை தப்பியது. மணிக்கட்டில் சிவப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் மாமனார் விரிப்பைக் கையில் எடுத்தார்.

"யாரையும் குத்தம் சொல்லல" என்று ஆரம்பித்தார். "அவளுக்குக் காது கேக்கல. இன்னிக்குத் தம்பி கை, நாளைக்கு அவ கை. இனிமே உருளைகிட்ட அவ வேண்டாம். அவ சித்தியும் வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. வாரக் கடைசில நம்ம வண்டிக்காரர் அந்த ஊர்ப் பக்கம் போறாரு, கூட அனுப்பி வச்சிடுவோம். அங்கயே இருக்கட்டும். நல்லா சாப்பிட்டு, நல்லா தூங்கி..." அதற்குமேல் அவரால் முடியவில்லை.

மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டு அவர் பக்கம் போனாள். பெரியவன் போனான். சின்னவன் போனான். அண்ணியும் போனாள். யார் முகத்தையும் பார்க்காமல், அப்பாவின் அருகில் நின்று விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு புதுசால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. அவள் போய் எதிர் முனையை எடுத்தாள். இரண்டு கைகளையும் அகல விரித்துப் பிடித்தும், அவ்வளவு பெரிய விரிப்புக்கு அவள் போதவில்லை. நடுவில் தொங்கியது.

"என்னம்மா, ஞாபக மறதியா அந்தப் பக்கம் நின்னுட்டியா?" என்றார் மாமனார்.

"இல்ல மாமா."

"அப்ப சொல்லு."

"அண்ணிக்குக் கேக்கலன்னு அனுப்பறீங்க. மிஷின் ஓடும்போது இங்க யாருக்குமே கேக்கறதில்ல."

உடனே பெரியவன் சிரித்தான்.

"எங்களுக்கா? எங்களுக்குக் காது கேக்காதா? நல்லா இருக்கே கதை! நேத்து வந்தவ எங்க காதைப் பத்தி எங்களுக்கே பாடம் நடத்தறா!"

"கத்தாதீங்க அத்தான், பக்கத்துலதான் நிக்கறேன்."

"நான் எங்க கத்துறேன்?" என்று கத்தினான்.

"நடந்து வாடி, கை கடுக்குது" என்றாள் மாமியார்.

புதுசு நடக்கவில்லை. விரிப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "எனக்குக் கேக்கறதில்ல அத்தை. அது மட்டும் எனக்கு நிச்சயமா தெரியும். உங்களுக்குக் கேக்குதான்னு நீங்கதான் பாத்துக்கணும்."

அந்த வீட்டில் முதல்முறையாக ஒரு விரிப்பு மடியாமல் நாற்காலியின்மேல் கிடந்தது. காலையில் அதை மறுபடி நனைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது. மாலையில் மறுபடி விரித்தார்கள். மறுபடி அவள் எதிர் முனைக்கே போனாள்.

அதன்பிறகு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. மாமியார் அவளிடம் பேசுவதை நிறுத்தி, அவளுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் துணி மூட்டையிடம் சொன்னாள். பெரியவன் அவளுக்குக் "காது டாக்டர்" என்று பெயர் வைத்தான். "வாங்க டாக்டர், எங்க மூக்காச்சும் நல்லா இருக்கா, அதையும் பாத்துச் சொல்லிடுங்க" என்பான். அண்ணியின் இடத்தில் இப்போது மாமியார்தான் உருளைக்குத் துணி கொடுத்தாள். விரிப்புகள் கோணிக்கொண்டு வெளியே வந்தன. அண்ணி மாடியில் சமைத்தாள். உருளைக்கிழங்கு ஒருநாள் கல், ஒருநாள் கூழ்.

ஆனால் பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. அதுதான் புதுசுக்குக் கிடைத்த வழி. இருவர் எதிரெதிரே நின்று நான்கு முனையையும் பிடித்து, உதறி, நெருங்கி, விரலோடு விரல் சேர்த்து, விலகி, மறுபடி நெருங்க வேண்டும். பேச்சே வேண்டாம் என்று முறைத்துக்கொண்டு நிற்கிறவரும் மடிப்புக்கு மடிப்பு முகத்துக்கு முகம் வந்துதான் ஆக வேண்டும். அவள் எல்லோரோடும் மடித்தாள். எல்லோரிடமும் ஒன்றையே சொன்னாள். வாதாடவில்லை, கண்ணைக் கசக்கவில்லை.

"அண்ணி நாளைக்கே உருளைக்கு வரணும்னு நான் சொல்லல அத்தான்" என்றாள் பெரியவனிடம். "அதுல உங்க பயம் எனக்குப் புரியுது. அனுப்ப வேண்டாம்னுதான் சொல்றேன். கேக்காதது அவங்களுக்கு மட்டுமில்ல."

"இழுத்துப் பிடி, ஓரம் சேரல" என்றான் அவன். ஆனால் டாக்டர் என்று சொல்லவில்லை.

சின்னவன் அவளிடம் தனியாகக் கேட்டான். "வீடே ஒரு பக்கம் நிக்குது. நீ ஒருத்தி எதுக்கு இப்படி?"

"அன்னிக்கு நீங்க அத்தான் கத்தினதக் கேட்டு ஓடி வந்தீங்களா, பாத்து ஓடி வந்தீங்களா?"

"கேட்டுத்தான். இதென்ன கேள்வி?"

"சரி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் எல்லா மிஷினும் ஓடிக்கொண்டிருக்கும்போது, சின்னவன் தள்ளுவண்டியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நிற்பதை அவள் பார்த்தாள். அவனுக்கு நேர் பின்னால் மாமியார் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாய் அகலமாகத் திறந்து திறந்து மூடியது, கழுத்து நரம்பு புடைத்தது. அவன் அசையவில்லை. மாமியார் பொறுமை இழந்து சோப்புக் கட்டியை எடுத்து வீசினாள். அது தோளில் பட்டதும்தான் கண்ணைத் திறந்தான். திறந்ததும் அவன் பார்த்தது அம்மாவையல்ல, புதுசை. உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். புதுசு தலையணை உறையை முகத்தில் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா, அவளுக்கே தெரியவில்லை.

அன்று மாலையும் அவன் அப்பா பக்கம்தான் நின்றான். ஆனால் விளிம்பை இரண்டே விரலால் பிடித்திருந்தான். சூடான பாத்திரத்தைத் தொடுகிறவனைப் போல.

புதுசுக்கு அதை அண்ணியிடம் போய்ச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடுக்களையில் அவள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். புதுசு எதிரே போய், உதடு தெரிகிற மாதிரி நின்றாள்.

"நீ எதுக்கு எனக்காகக் கை வலிக்க நிக்கற?" என்று அண்ணியே கேட்டாள், வழக்கமான மெல்லிய குரலில்.

"நீங்க எதுக்கு அந்தப் பக்கம் நின்னீங்க?"

"தம்பி கை." அண்ணி முட்டையைத் தண்ணீரில் அலசினாள். "கண்ண மூடினா அதுதான் தெரியுது."

"அவங்க யாருக்கும் கேக்கறதில்லன்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

அண்ணி சிரித்தாள். "எனக்குத் தெரியாதா? பொழுதன்னிக்கும் எல்லார் மூஞ்சியையும் பாத்துக்கிட்டு நிக்கறவ நான். எங்கம்மா கூப்பிட்டா எவன் திரும்பியிருக்கான்?"

"அப்ப ஏன் நீங்க சொல்லல?"

"காது கேக்காதவ சொன்னா யார் காதுல விழும்? நல்ல காதுக்காரி நீ சொல்லியே விழல." அவள் ஒரு முட்டையைப் புதுசின் கையில் திணித்தாள். "தின்னு. நிக்கறதுக்குத் தெம்பு வேணும்."

நிற்காதே என்று அவள் சொல்லவில்லை! புதுசு முட்டையை வாயில் அடைத்துக்கொண்டு படிகளில் தாவி இறங்கினாள்.

மறுநாள் மதியம் வண்டிக்காரர் மூட்டை ஏற்ற வந்தார். எப்போதும்போல, கூடத்தின் புகைக் கண்ணாடிக் கதவில் வண்டியின் முன்விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. எப்போதும்போல மாமியார் கதவைத் திறக்கப் போனாள். போனவள் பாதி வழியில் நின்றாள். கண்ணாடியில் விழுந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். புதுசு துண்டு மடிப்பதுபோல நகர்ந்து நகர்ந்து கதவோரம் போய், இடுக்கு வழியாகக் காதை வெளியே நீட்டினாள். மாமியார் வண்டிக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா, நீ ஏன் ஹாரன் அடிக்கறதே இல்ல?"

"சரியாப் போச்சு! அடிச்சு அடிச்சு ஓஞ்சுதானேம்மா லைட்டுக்கு வந்தேன்? ஹாரன் சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பாக்கும், உங்க வீட்ல ஒருத்தர் அசைய மாட்டீங்க. இப்ப என்ன திடீர்னு?"

"ஒண்ணுமில்ல. மூட்டைய எடு."

உள்ளே வந்தவள் ஒரு விரிப்பை எடுத்து ஒரு முனையைப் புதுசிடம் நீட்டினாள். உதறினார்கள். நெருங்கினார்கள். விரல்கள் சேர்ந்தபோது மாமியார், துணி மூட்டையைப் பார்க்காமல், புதுசையே பார்த்துச் சொன்னாள்.

"நீ சொல்றது சரின்னு நான் சொல்லல."

"சரி அத்தை."

"தப்புன்னும் சொல்லல."

அன்று முழுக்கப் புதுசு வேலை செய்தாளா, மிதந்தாளா என்று சொல்ல முடியாது. ஏனென்றால் அந்தக் கேள்வி இப்போது அவள் கையை விட்டுப் போய், தானாக நடக்க ஆரம்பித்திருந்தது. மாமியாரும் மாமனாரும் விரிப்பு மடிக்கும்போது இரண்டு தலைகளும் வழக்கத்தைவிட அதிக நேரம் சேர்ந்திருந்தன. சின்னவன் பெரியவனிடம் என்னவோ கேட்க, பெரியவன் விரிப்பை உதறிப் போட்டுவிட்டுப் போனான், பிறகு தானாகத் திரும்பி வந்து முனையை எடுத்தான். மாமனார் பாய்லருக்கு முதுகைக் காட்டி நின்று, அதன் விசில் வருகிறதா என்று காத்திருந்தார். விசிலின் ஆவி அவர் தலைக்குமேல் வெள்ளையாகப் பொங்கிப் போய்க்கொண்டே இருந்தது. அவர் இன்னும் காத்திருந்தார்.

வண்டி புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம். அண்ணியின் பை மாடிப்படியின் கீழே தயாராக இருந்தது. மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. மாமனார் விரிப்பை எடுத்து, சொன்னதையே மறுபடி சொன்னார். ஆனால் அவசர அவசரமாக, பிறர் எழுதிக் கொடுத்ததைப் படிப்பவர்போலச் சொன்னார்.

புதுசு எதிர் முனையில் தனியாக நின்றாள். இன்றைக்கும் யாரும் வரவில்லையென்றால் நாளைக்கு அண்ணி இல்லை. 

முதலில் சின்னவனின் இரண்டு விரல்களும் விளிம்பை விட்டன. விரிப்பின் ஓரமாகவே நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"நான் அன்னிக்குக் கேக்கல" என்றான். "பாத்தேன். அண்ணன் வாய் தெறந்திருந்துச்சு. சத்தம் வரல."

"டேய்!" என்றான் பெரியவன்.

"நகருடா, வழிய விடு" என்று அவனை இடித்துக்கொண்டு மாமியார் புறப்பட்டாள். "வண்டிக்காரன் எத்தன வருஷமா விளக்கு போட்டுக் கூப்பிடறான், நாம மகராசி மாதிரி கதவத் தெறந்துவிடறோம். வெக்கமா இருக்கு." வந்து புதுசின் மறுபக்கம் நின்று பிடித்துக்கொண்டாள்.

மாமனார் கையிலிருந்த முனையைப் பார்த்தார், எதிரே பார்த்தார். விஷயத்தைச் சொன்னவரே அணி மாறலாமா என்பது அதுவரைக்கும் அந்த வீட்டில் எழாத கேள்வி. முனையை மகள் கையில் கொடுத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே இந்தப் பக்கம் வந்தார்.

"எல்லாரும் போனா எப்படி?" பெரியவன் கத்தினான். "மாட்டுனது யார் கை? என் கை!" மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். காட்டிய கையைத் தானே பார்த்தான். அவன் குரல் இறங்கிப் போனது. அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "நான் கத்தினேன்ல அன்னிக்கு... எனக்கே என் சத்தம் கேக்கல. செத்துட்டேன்னு நெனச்சேன்."

அவனும் வந்தான். புதுசின் முனையில் இப்போது நிற்க இடமில்லை, தோளோடு தோள் இடித்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள், மூக்கைத் துடைத்தார்கள், "வா, வா!" என்று எதிரே கையை ஆட்டினார்கள். எதிரே அண்ணி மட்டும்தான். வழக்கப்படி, ஆள் குறைந்த பக்கம் நடக்க வேண்டும்.

அண்ணி நடக்கவில்லை.

"வா அக்கா, அதான் முடிஞ்சுபோச்சே!" என்றான் சின்னவன்.

"மாட்டேன்" என்றாள். மெதுவாகப் பேசினாள், எல்லோரும் முன்னால் சாய்ந்து அவள் உதட்டைப் பார்த்தார்கள். "உங்களுக்கெல்லாம் என்மேல அன்பு. அன்புக்கு மிஷின் நிக்காது. எனக்கு மட்டும் கேக்கலன்னா நான் ஒருத்தி விலகினா போதும். யாருக்கும் கேக்கலன்னா?" விரிப்பை இழுத்து இறுக்கினாள். "உருளை நீளத்துக்கும் கயிறு கட்டுங்க. எவன் இழுத்தாலும் மிஷின் நிக்கணும். கொடுக்கறவ மூஞ்சிக்கு நேரா சிவப்பு விளக்கு எரியணும். அதுவரைக்கும் யாரும் அதத் தொடக்கூடாது. நானும் இல்ல, நீங்களும் இல்ல."

"காலையில ஆஸ்பத்திரி விரிப்பு போகணுமே!" என்று மாமனார் அலறினார்.

"கையால தேய்ங்க."

"அத்தனையுமா?"

அண்ணி தோள் அகலத்துக்குக் கையை விரித்து, அசையாமல் நின்றாள். ஜெயித்துவிட்டோம் என்று நின்ற புதுசுக்கு அப்போதுதான் உறைத்தது. எதிரே ஒற்றை ஆளாக நிற்பவர் எப்படி இருப்பார் என்று அவள் இதுவரை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. எவ்வளவு பயமாக இருந்தது, அதைப் பார்க்க! எவ்வளவு அழகாகவும்!

அவள் ஓரடி எடுத்து வைத்தாள்.

விரிப்பின் ஓரத்தில் ஒருத்தி நகர்ந்தால் துணி தொய்யும். தொய்ந்தால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்துதான் ஆக வேண்டும். சின்னவன் நகர்ந்தான். "ஏய், ஏய், இது வழக்கத்துலயே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே மாமனார் நகர்ந்தார். கூட்டமாக, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, பெரிய பக்கம் முழுவதும் அண்ணியை நோக்கி நடந்தது. எல்லோர் விரல்களும் அவள் விரல்களில் வந்து சேர்ந்தன. மடிப்பு படு கோணல்.

இஸ்திரிப் பெட்டிகளைத் தேடி எடுத்து ஆளுக்கு ஒரு மேஜை போட்டார்கள். காலையில் வண்டிக்காரர் விளக்கைப் போட்டபோது, எல்லோருக்கும் முதுகு ஒடிந்திருந்தது, விரிப்புகள் கட்டித் தயாராக இருந்தன. அண்ணியின் பைக்கு வைத்திருந்த இடத்திலும் அவற்றையே ஏற்றிக்கொண்டு அவர் போனார்.

எலக்ட்ரீஷியன் அன்றே வந்தான். அவன் ஏணியில் நிற்க, கீழே குடும்பமே அண்ணாந்து நின்று யோசனை சொன்னது.

"இந்தக் கயிறு விஷயம் எனக்கு ரொம்ப நாளாவே மனசுல ஓடிக்கிட்டு இருந்ததுப்பா" என்றார் மாமனார்.

"நான்தானே முதல்ல வண்டிக்காரன்கிட்ட கேட்டேன்" என்றாள் மாமியார். "நான் கேக்கலன்னா இவங்களுக்கு எங்க உறைக்கப் போகுது?"

பெரியவன் புதுசின் பக்கம் திரும்பி, பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். "உனக்குத் தெரியாது புதுசு. இந்த மிஷினெல்லாம் ஓடும்போது இங்க ஒருத்தருக்கும் காது கேக்காது."

புதுசு வாயைத் திறந்தாள். சின்னவனைப் பார்த்தாள். அவனும் "ஆமா, ஆமா" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்! திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அடிவயிற்றிலிருந்து கோபம் கிளம்பி மேலே வந்தது, வருகிற வழியில் எங்கேயோ சிரிப்பாக மாறிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாச்சு இவளுக்கு?" என்றாள் மாமியார்.

மாமனார் சுவிட்சைப் போட்டார். உருளை உறுமி எழுந்தது, கூடம் முழுவதும் அதிர்ந்தது. அண்ணி உருளைக்கு முன்னால் தன் இடத்தில் போய் நின்றாள். பெரியவன் அந்தப் பக்கத்திலிருந்து கயிற்றை இழுத்தான். விளக்கு சிவப்பாக எரிந்தது, உருளை நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். மறுபடி ஓடவிட்டு மாமனார் இழுத்தார், நின்றது. மாமியார் இழுத்தாள், நின்றது. போதும் என்று எலக்ட்ரீஷியன் கும்பிட்ட பிறகுதான் விட்டார்கள்.

மறுபடி ஓடத் தொடங்கிய இரைச்சலில் எல்லா வாய்களும் அசைந்துகொண்டிருந்தன. அண்ணி ஒவ்வொரு உதடாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான்தான், நான்தான், நான் அப்பவே. பார்த்து முடித்துவிட்டுப் புதுசைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. சத்தம் ஒன்றும் வரவில்லை, ஆனால் புதுசுக்கு அது அத்தனையும் தெளிவாகத் தெரிந்தது.

'சிரிச்சது போதும், எழுந்து வா. இந்த ஓரத்தப் பிடி.'

ஈர விரிப்பு கனமாக, குளிர்ந்து கிடந்தது. இருவரும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிப் பிடித்து, நேராக்கி, உருளைக்குக் கொடுத்தார்கள்.